கடலில் விழுந்தவர் படகில் திரும்ப ஏறுவது எப்படி? தஞ்சை விசைப்படகுகளும் ‘நீச்சல் மேடை’யும்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் டீசல் வாசம் குறைந்து பெயின்ட் வாசம் தூக்கலாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக அறிவிக்கப்படும் இந்தத் தடைக்காலம்தான் படகுகளுக்கு மராமத்துக் காலமும்கூட. பலகை மாற்றுவது, என்ஜினைப் பிரித்துப் பார்ப்பது, புரொபெல்லரைக் கழற்றிச் சரிசெய்வது என வேலை ஓடிக்கொண்டே இருக்கும். இதே நாட்களில்தான் மீன்வளத் துறையின் ஆண்டு ஆய்வும் நடக்கும். படகின் பதிவு, நீளம், என்ஜின் திறன், பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் பார்க்கப்படும். ஆய்வுக்குக் காட்டாத படகுகளுக்கு மானிய டீசல் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பும் வழக்கமாக வரும்.

இந்த மராமத்து, ஆய்வு இரண்டிலும் அதிகம் அடிபடாத கேள்வி ஒன்று உண்டு. படகிலிருந்து ஒருவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், அவர் திரும்ப மேலே ஏற அந்தப் படகில் வழி இருக்கிறதா?

வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயர் ‘ஸ்விம் பிளாட்ஃபார்ம்’, அதாவது நீச்சல் மேடை. பெயரைக் கேட்டால் பணக்காரர்களின் சொகுசு மாதிரி இருக்கும். ஆனால் அது தீர்க்கும் பிரச்னை, பாக் நீரிணையில் வலை இழுக்கும் மீனவருக்கும் சேர்த்துத்தான்.

நீச்சல் மேடை என்றால் என்ன?

படகின் பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பலகைதான் நீச்சல் மேடை. மரம், ஃபைபர், அலுமினியம் என எதிலும் செய்யலாம். அதோடு மடக்கி வைக்கும் ஏணி ஒன்றும் இருக்கும். ஏணியை இறக்கினால் அதன் கடைசிப் படிகள் தண்ணீருக்குள் போய்விடும்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் ‘டிராலர்’ என்ற பெயரிலேயே சிறிய உல்லாசப் படகுகள் உண்டு. மீன்பிடிப் படகின் உடலமைப்பைப் பின்பற்றி, மெதுவாக ஓடும்படி, உள்ளேயே தங்கும் அறைகளுடன் கட்டப்படுபவை. அவற்றில் இந்த மேடை கிட்டத்தட்ட கட்டாயப் பொருள் மாதிரி. குளித்துவிட்டு ஏறவும், சின்னப் படகிலிருந்து பெரிய படகுக்கு மாறவும், சுக்கானையும் புரொபெல்லரையும் குனிந்து பார்க்கவும் அது பயன்படுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தண்ணீரில் விழுந்தவரை மேலே கொண்டுவர அதுதான் சுலபமான இடம்.

நீந்தத் தெரிந்தவர்தானே, ஏற முடியாதா?

கடலிலேயே வளர்ந்தவருக்கு ஏணி எதுக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீந்துவது வேறு, படகில் ஏறுவது வேறு.

தண்ணீரில் இருக்கும்போது உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. உடம்பை வெளியே தூக்க ஆரம்பித்த நொடியில் முழு எடையும் கைகளுக்கு வந்துவிடும். நனைந்த சட்டை, கைலியில் தேங்கிய தண்ணீரும் கூடவே வரும். ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள படகு விளிம்பை எட்டிப் பிடிப்பதே கஷ்டம். பிடித்துவிட்டாலும் கால் ஊன்ற எதுவும் இல்லை. படகின் பக்கவாட்டு உள்நோக்கி வளைந்திருப்பதால், மேலே இழுக்க இழுக்கக் கால்கள் படகுக்கு அடியில் போகும். அலையில் படகு ஏறி இறங்கும்போது பிடி நழுவும். இரண்டு மூன்று முறை முயன்றாலே கைகள் ஓய்ந்துவிடும்.

மேலே நிற்பவர்கள் தூக்கிவிடலாமே? அதுவும் நினைப்பது போலச் சுலபமில்லை. விளிம்புக்கு வெளியே குனிந்து, ஆடும் படகில் நின்றுகொண்டு, நனைந்த ஓர் ஆளைச் செங்குத்தாக இழுக்க வேண்டும். இதில் தூக்கப் போனவரே உள்ளே விழும் ஆபத்து உண்டு. விழுந்தவர் மயக்கத்திலோ காயத்தோடோ இருந்தால் இன்னும் மோசம்.

மேடையும் ஏணியும் செய்வது ஒரே ஒரு வேலை. கை செய்ய வேண்டியதைக் காலுக்கு மாற்றிவிடுகின்றன. தண்ணீருக்குள் ஒரு படி கிடைத்துவிட்டால், களைத்துப் போனவர்கூட அதில் நின்று மூச்சு வாங்கலாம்.

தஞ்சாவூருக்கு ஏது கடல்?

நெல்லும் பெரிய கோவிலும் நினைவுக்கு வரும் மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதுதான். காவிரி டெல்டாவின் தென்கிழக்கு ஓரத்தில், அதிராம்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் வழியாகத் தெற்கே நீள்கிறது தஞ்சை மாவட்டக் கடற்கரை. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் நிற்பதும் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கள்ளிவயல்தோட்டம் ஆகியவை இங்குள்ள விசைப்படகுத் தளங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜா புயல், இந்தப் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டு நொறுக்கியதை டெல்டா மறக்கவில்லை.

இங்கே விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள்தான் தொழில். திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரு தரப்புக்கும் மோதல் வராமல் இருக்கப் பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாடு இது. மூன்றே நாள் என்பதால், கடலுக்குள் போன நேரத்தில் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கும். இரவில் வலை இறக்குவார்கள், தூக்கம் குறையும், தளத்தில் மீனும் தண்ணீரும் வழுக்கும்.

இரண்டு தருணங்கள் குறிப்பாக ஆபத்தானவை.

முதலாவது, புரொபெல்லரில் வலையோ கயிறோ சுற்றிக்கொள்வது. என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கி, படகுக்கு அடியில் போய் அறுத்துவிட வேண்டும். அதாவது இவர் தவறி விழுந்தவரல்ல, வேலைக்காகவே இறங்குபவர். மூச்சடக்கி வேலை பார்த்துக் களைத்து வரும் அவர், திரும்ப ஏறும் வழியும் அதே உயரமான விளிம்புதான்.

இரண்டாவது, வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். பல சிறிய விசைப்படகுகளில் கழிப்பறை கிடையாது. இரவில் ஒதுங்க வேண்டுமென்றால் படகின் ஓரம்தான். தூக்கக் கலக்கம், இருட்டு, திடீரென ஓர் அலை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தால், ஆள் இல்லை என்பதே விடிந்த பிறகுதான் தெரியவரும்.

அப்போ இங்கேயும் ஒரு மேடை வைத்துவிடலாமா?

அப்படியே எடுத்து ஒட்டினால் சரிப்படாது. உல்லாசப் படகின் பின்பக்கம் காலியாக இருக்கும். இழுவைமடிப் படகின் பின்பக்கம்தான் அதன் தொழிற்சாலை. வலை இறங்குவதும் ஏறுவதும் அங்கேதான். வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனமான பலகைகள் தொங்குவதும், இழுவைக் கம்பிகள் ஓடுவதும் அங்கேதான். அந்த இடத்தில் ஒரு மேடை நீட்டிக்கொண்டிருந்தால் வலை சிக்கும், பலகை மோதும், ஒரே வாரத்தில் மேடை பிய்ந்துவிடும்.

புரொபெல்லரும் பின்பக்கத்தின் அடியில்தான் சுழல்கிறது. என்ஜின் ஓடும்போது தண்ணீரில் இருப்பவரைப் பின்பக்கம் வரச் சொல்வது, ஓர் ஆபத்திலிருந்து இன்னோர் ஆபத்துக்கு அழைப்பது போல. பின்னாலிருந்து அலை வரும்போது படகின் பின்பக்கம் உயர்ந்து தொப்பென்று இறங்கும். அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே ஒரு தலை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புகையும் ஒரு பிரச்னை. அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் 2000ஆம் ஆண்டு, வீட்டுப்படகு ஒன்றின் பின்பக்க மேடைக்கு அருகே நீந்திய இரண்டு சிறுவர்கள் ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். அதன்பிறகு நடந்த ஆய்வுகள்தான், மேடையைச் சுற்றி இந்த வாயு எப்படித் தேங்குகிறது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மேடை இருக்கும் படகுகளிலும் ‘என்ஜின் ஓடும்போது அங்கே யாரும் இருக்கக் கூடாது’ என்பதே விதி.

ஆக, தஞ்சைப் படகுக்கு வேண்டியது அந்தப் பலகை கிடையாது. அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் யோசனை: தண்ணீரில் இருப்பவர் யார் உதவியும் இல்லாமல் ஏற, எப்போதும் தயாராக ஒரு வழி.

சட்டம் இதைக் கேட்கிறதா?

ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது, ஆனால் உல்லாசப் படகுகளிடம். 2.5 முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள பொழுதுபோக்குப் படகுகளுக்கான அதன் 2013ஆம் ஆண்டு உத்தரவில் தெளிவாகவே இருக்கிறது: விழும் வாய்ப்பைக் குறைக்கும்படி படகு வடிவமைக்கப்பட வேண்டும், விழுந்தவர் பிறர் உதவியின்றித் தானே எட்டவோ இறக்கவோ கூடிய ஏறும் வழி இருக்க வேண்டும். ‘பிறர் உதவியின்றி’ என்பதுதான் இதில் முக்கியமான சொல். தளத்தின் மேல் சுருட்டிக் கட்டி வைத்த ஏணி, தண்ணீரில் இருப்பவருக்கு இல்லாத ஏணிதான்.

விடுமுறைக்குப் படகு ஓட்டுபவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பிழைப்புக்காகப் படகு ஏறுபவருக்கு நம் கரையில் ஒரு வழக்கமாகக்கூட இல்லை. பேச்சு புதிதில்லை. 2001 அக்டோபரில் வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை நாடுகளின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, சிறு மீனவர்களின் கடல் பாதுகாப்புக்காகவே ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு கரைக்கு வந்த கருவிகளில் பெரும்பாலானவை புயலையும் படகையும் பற்றியவை. படகிலிருந்து விழுந்த தனி ஆள் பின்னுக்குப் போய்விட்டார்.

உண்மையில் எவ்வளவு பேர் இப்படி இறக்கிறார்கள்?

உலக அளவில் மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கக்கூடும் என்று 2022இல் ஃபிஷ் சேஃப்டி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இதில் எல்லா வகை மரணங்களும் அடக்கம்.

விழுந்து இறப்பதை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 2000 முதல் 2009 வரை வணிக மீன்பிடியில் இறந்தவர்கள் 504 பேர். அவர்களில் 155 பேர், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர், படகிலிருந்து விழுந்து இறந்தவர்கள். அந்த 155 பேரில் ஒருவர்கூட மிதவை உடை அணிந்திருக்கவில்லை. 2016 வரையிலான கணக்கில் இந்த எண்ணிக்கை 204. அதில் 121 பேர் விழுந்ததை யாருமே பார்க்கவில்லை.

அலாஸ்கா பக்கம் தண்ணீரின் குளிரே சில நிமிடங்களில் கை கால்களை முடக்கிவிடும். பாக் நீரிணையில் அப்படியில்லை. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல். மிதக்க ஏதாவது இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்க முடியும். அதாவது இங்கே விழுந்தவருக்கு இயற்கை அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தை வீணாக்குவது மிதவை இல்லாமையும், ஏற வழி இல்லாமையும்தான்.

ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம்?

கரை திரும்பும் படகு மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் அது கடக்கும் தூரம் ஏறக்குறைய 250 மீட்டர். விழுந்ததை ஒரு நிமிடம் தாமதமாகக் கவனித்தாலே, அலைகளுக்கு நடுவே ஒரு தேங்காய் அளவு தலையைக் கால் கிலோமீட்டர் தள்ளித் தேட வேண்டும். இரவென்றால் சொல்லவே வேண்டாம்.

வலை இழுக்கும்போது வேகம் 3 கடல் மைல் அளவில் இருந்தால் நிமிடத்துக்கு 90 மீட்டர் சொச்சம்தான். ஆனால் பின்னால் வலை இருப்பதால் படகைச் சட்டென்று திருப்ப முடியாது. பின்னோக்கி எடுத்தால் இழுவைக் கம்பி புரொபெல்லரில் சுற்றும். நல்ல விஷயம், என்ஜின் வேகத்தைக் குறைத்தால் வலையின் இழுவையே படகைச் சீக்கிரம் நிறுத்திவிடும். விழுந்தவர் மிதந்துகொண்டிருந்தால், நீண்ட கயிற்றில் கட்டிய மிதவையைப் பிடித்துப் படகின் பக்கவாட்டுக்கு வந்துவிடலாம். அங்கே ஒரு படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதாதா?

முதல் தேவை அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது. தடிமனான ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வலை இழுப்பது நடக்கிற காரியமில்லை என்கிற மீனவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வியர்க்கும், கொக்கியில் மாட்டும், கை அசைவைத் தடுக்கும். அதனால்தான் பல நாடுகளில் வேலைக்கேற்ற மெல்லிய, தண்ணீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும் வகைகளுக்கு மாறுகிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். ஊதிய ஜாக்கெட்டுடன் படகு விளிம்பில் ஏறுவது இன்னும் கஷ்டம், மார்புக்கு முன்னால் அது முட்டிக்கொண்டு நிற்கும். ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஏணிதான் மேலே கொண்டுவரும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் வீடு திரும்புவார்.

மல்லிப்பட்டினம் படகில் என்ன செய்யலாம்?

தடைக்கால மராமத்திலேயே முடித்துவிடக்கூடிய வேலைகள் இவை:

• பக்கவாட்டில் ஓர் ஏணி. படகின் விளிம்பு தண்ணீருக்கு மிக அருகில் தாழும் நடுப்பகுதியில், புரொபெல்லரிலிருந்து விலகி இருக்க வேண்டும். கயிற்று ஏணி போதும். ஆனால் இரண்டு படிகளாவது தண்ணீருக்குள் இறங்க வேண்டும். கீழ்ப்படியில் எடை இருந்தால்தான் மிதக்காமல் நிற்கும்.

• கீழிருந்து இழுத்தால் அவிழும் முடிச்சு. ஏணியைச் சுருட்டி விளிம்பில் கட்டலாம். அவிழ்க்கும் கயிற்றின் நுனி, தண்ணீரில் இருப்பவர் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டும். இல்லையென்றால் அது மேலே இருப்பவர்களுக்கான ஏணி மட்டுமே.

• டயர்களை நம்பிவிடக் கூடாது. படகின் பக்கத்தில் தொங்கும் பழைய டயர்கள் மோதல் தாங்கத்தான். அவசரத்துக்குப் பிடித்துக்கொள்ள உதவும். ஆனால் சுழலும், வழுக்கும், கயிறு இற்றுப்போயிருக்கும்.

• மயங்கியவருக்கு ஒரு வலைத்துண்டு. பழைய வலிமையான வலையின் ஒரு ஓரத்தை விளிம்பில் கட்டி, மறு ஓரத்தைத் தண்ணீரில் இறக்கி, விழுந்தவரை அதற்குள் உருட்டி மேலே சுருட்டலாம். கடல்சார் மீட்புக் குழுக்கள் பயன்படுத்தும் முறை இதுதான். வலை இல்லாத மீன்பிடிப் படகு உண்டா?

• ஓரத்தில் ஒரு கைப்பிடி. இரவில் ஒதுங்கும் இடத்திலாவது இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி. விழாமல் இருப்பதுதான் முதல் மீட்பு.

நாட்டுப்படகு, ஃபைபர் படகுகளுக்குக் கணக்கே வேறு. அவற்றின் விளிம்பு தாழ்வானது. ஆனால் பக்கவாட்டில் தொங்கி ஏறினால் படகே கவிழலாம். என்ஜினை அணைத்துவிட்டுப் பின்பக்கமாக ஏறுவதுதான் பாதுகாப்பு. கால் வைக்க ஒரு கயிற்று வளையம் கட்டியிருந்தால் போதும்.

கருவி இருந்தால் மட்டும் பத்தாது, பழக்கமும் வேண்டும். ஒருவர் விழுந்தால் சத்தம் போட வேண்டும். மிதக்கும் எதையாவது உடனே வீச வேண்டும். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல், விழுந்தவர் இருக்கும் திசையைக் கைகாட்டியபடியே நிற்க வேண்டும். டிரைவர் ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நெருங்கியதும் என்ஜினை நியூட்ரலில் போட வேண்டும். உதவிக்கு விஎச்எஃப் சேனல் 16, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

டிரான்ஸ்பாண்டர் வந்துவிட்டதே?

நாடு முழுக்க 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும், ஆபத்துச் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். பெரிய உதவிதான். ஆனால் அது காட்டுவது படகு இருக்கும் இடத்தை. படகை விட்டு விழுந்தவர் இருக்கும் இடத்தை அது காட்டாது. கூட இருப்பவர்கள் பொத்தானை அமுக்கி, உதவி வந்து சேரும்வரை அவர் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். கடலில் விழுந்தவருக்கு மிக அருகில் இருக்கும் மீட்புப் படகு, அவர் விழுந்த அதே படகுதான்.

ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். பாக் நீரிணையின் 2,000 இழுவைமடிப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. ஒரு படகுக்கு ரூ.80 லட்சம் செலவு. அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு என்பது அப்போதைய கணக்கு. தஞ்சை மாவட்டப் படகுகளும் இதில் அடக்கம். இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. ஆனால் திசை அதுதான். ஆழ்கடல் படகின் விளிம்பு இன்னும் உயரம், பயணம் பல நாட்கள், கரை வெகுதூரம். அரசு மானியத்தில் கட்டப்படும் படகின் வரைபடத்திலேயே ஏறும் வழியைச் சேர்ப்பது, கட்டிய பிறகு யோசிப்பதைவிட மலிவு.

ஆள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

இந்த விஷயத்தின் கனமான பகுதி கரையில்தான் இருக்கிறது. விழுந்தவர் உடலாகவாவது கிடைத்தால் இறப்புச் சான்று கிடைக்கும். பிரதமரின் மத்ஸ்ய சம்படா திட்டத்தின்கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. உடலும் கிடைக்காவிட்டால், அவர் ‘காணாமல் போனவர்’. சாட்சியச் சட்டப்படி, ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கருதப்படுவார். 2017 ஒக்கி புயலில் காணாமல் போனவர்களுக்காக அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. புயலென்றால் ஊரே பேசும், விதி தளரும். ஒரு சாதாரண புதன்கிழமை இரவில் ஒருவர் தனியாக விழுந்தால், சான்றுக்காக அலைவது அவர் குடும்பம் மட்டும்தான். வங்கிக் கணக்கு, கடன், குழந்தையின் படிப்பு எல்லாம் அந்த ஒரு காகிதத்துக்காக நிற்கும்.

அடுத்த ஆய்வில்…

ஒரு கயிற்று ஏணிக்கு ஆகும் செலவு, விசைப்படகு ஒரு முறை கடலுக்குப் போய்வர ஆகும் டீசல் செலவுக்குப் பக்கத்திலேயே வராது. இதற்குப் புதுச் சட்டமோ பெரிய திட்டமோ தேவையில்லை. படகு ஆய்வின்போது என்ஜின் திறனைக் கேட்கும் அதிகாரி, ‘தண்ணியில விழுந்தவர் எந்த வழியா ஏறுவார், காட்டுங்க’ என்று கூடுதலாக ஒரு வரி கேட்டால் போதும். படகு உரிமையாளர் அந்த ஏணியை இறக்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் துறைமுகத்துக்குள்ளேயே ஒருவர் இறங்கி, தானே ஏறிக் காட்ட வேண்டும்.

ஜூன் 14 நள்ளிரவு தடை முடியும்போது படகுகள் வரிசையாகக் கிளம்பும். டீசல், ஐஸ், வலை, அரிசி, குடிதண்ணீர் என ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல் ஒவ்வொரு படகிலும் மனப்பாடம். அந்தப் பட்டியலின் கடைசியில் ஓர் ஏணியும் சேர வேண்டும்.